சாப்பிட்டு இருபதாவது நிமிடம்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் பிரிவில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். ஆர்டர் உறுதியாவதற்கு முன் ஒரு டீ-சர்ட்டைத் தைத்துக் காட்ட வேண்டும். மீடியம் அளவு என்றால் அதை என் மேல் போட்டுத்தான் பார்ப்பார்கள். என் தோளும் இடுப்பும் அந்த அளவுக்குச் சரியாக இருந்தன.

ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்து, கையை விரித்து நின்று அளவு கொடுத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவது போல வலித்தது. கையை இறக்கிவிட்டேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. குனிந்து மேசையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் தானாகவே போய்விட்டது.

கேஸ் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைப்போம். இதே வலியோடு இதைப் படிக்கும் உங்களுக்கும் அப்படித்தான் தொடங்கியிருக்கும்.

மறு வாரம் இரண்டு முறை வந்தது. அடுத்த மாதம் தினமும் வந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது ஒன்றும் இருக்காது. கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம். அதற்குள் அந்த முழங்கால் வந்து ஊன்றிவிடும். தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி குனிந்தால் கொஞ்சம் குறையும். கம்பெனியில் அப்படிச் செய்ய இடம் ஏது? துணி ரோல் அடுக்கியிருக்கும் அறையில், ரோல்களுக்குப் பின்னால் போய்க் குனிந்துகொள்வேன். என்னோடு வேலை செய்யும் நசீமா அக்கா கதவருகில் நின்று, யாரும் வராமல் பார்த்துக்கொள்வார்.

"சாப்புட்டதாலதான வருது? அப்ப கொஞ்சமாச் சாப்பிடு கோமதி" என்றார் ஒரு நாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நானும் அதையே செய்தேன்.

இரண்டு இட்லி ஒன்றானது. ஒன்று பாதியானது. வேலை நாட்களில் மதியம் வெறும் மோர். அறுபத்தொரு கிலோ இருந்தவள் ஒரு வருடத்தில் நாற்பத்து நான்குக்கு வந்தேன். மீடியம் டீ-சர்ட் என் மேல் தொளதொளவென்று தொங்கியது. மானேஜர் வேறொரு பெண்ணை அளவுக்கு நிற்கச் சொன்னார். "உடம்பு தேறி வாங்க, பொறவு பாத்துக்கலாமுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். நான் கழிவறைக்குப் போய் அழுதேன்.

பார்க்காத டாக்டர் இல்லை. எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு இரைப்பையைப் பார்ப்பது) இரண்டு முறை செய்தார்கள். லேசான புண் என்றார் ஒருவர், புண்ணே இல்லை என்றார் இன்னொருவர். பித்தப்பையில் கல் இல்லை. காசநோய் இல்லை. புற்றுநோயாக இருக்குமோ என்று தேடியதில் அதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் "நார்மல்" என்று ரிப்போர்ட் வரும். என் கணவர் செந்திலுக்கு முகம் மலரும். எனக்கு மட்டும் பயம் கூடும். ஒன்றுமில்லை என்றால் இந்த வலி எங்கிருந்து வருகிறது?

வீரபாண்டியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே செந்தில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எந்தக் கோளாறையும் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் மனிதர். என் விஷயத்தில் அவருக்கும் பிடி கிடைக்கவில்லை. ஒரு டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, சாப்பிடவே பயப்படுவது மன நோயாக இருக்கலாம், மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள் என்றார். அன்று பைக்கில் வீடு வந்து சேர்ந்தோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கேட்டார்.

"கோமு, நெசமாலுமே வலிக்குதா? இல்ல, வேற ஏதாச்சும் மனசுல வச்சுட்டு இருக்கறயா? எங்கிட்டச் சொல்லு."

"ஏனுங்க, நீங்களுமா இப்படிக் கேக்கறீங்க?" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு கேள்விக்காக இன்றுவரை வருத்தப்படுகிறார். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்குள் எனக்கே சந்தேகம் வந்திருந்தது. மனநல மருத்துவரிடம் போனேன். நான்கு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். தூக்கம் வந்தது. வலி அப்படியே இருந்தது. "உங்களுக்குச் சாப்பிட ஆசை இருக்கிறதா?" என்று அவர் கேட்டார். "ரொம்ப இருக்குதுங்க. கனவுல கூடச் சோறுதானுங்க வருது" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியென்றால் இது நான் பார்க்கும் நோய் இல்லை அம்மா. மறுபடியும் வயிற்றைப் பாருங்கள்" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். என்னை முதலில் நம்பிய மருத்துவர் அவர்தான்.

அந்தக் கடிதத்தோடு கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஓர் இளம் பெண் டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு என்னைப் படுக்கச் சொன்னார். நெஞ்சுக்குழிக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "மூச்சை முழுசா வெளியே விடுங்க. அப்படியே நிறுத்துங்க" என்றார். மறுபடியும் ஒரு முறை. மூன்றாவது முறையும் கேட்டுவிட்டு, உள்ளே ரத்தம் இரைந்து ஓடும் சத்தம் கேட்கிறது என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வலி வருது?"

"இருபது நிமிசமுங்க."

"குனிஞ்சா குறையுமா?"

அதை நான் எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. துணி ரோல்களுக்குப் பின்னால் மண்டியிடுவதை எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டேன். அவர் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

டாப்ளர் ஸ்கேன் (ரத்தம் ஓடும் வேகத்தைப் பார்ப்பது), பிறகு சி.டி. ஆஞ்சியோகிராம் (ரத்த நாளத்தில் மருந்து செலுத்தி ரத்தக் குழாய்களைப் படமெடுப்பது). மூச்சை இழுத்து ஒரு முறை, வெளியே விட்டு ஒரு முறை. படத்தில், பெரிய ரத்தக் குழாயிலிருந்து கிளம்பும் ஒரு கிளை, கிளம்பிய இடத்திலேயே கொக்கி போல வளைந்து நெரிந்திருந்தது. அது சீலியாக் தமனி (இரைப்பை, கல்லீரல், மண்ணீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்). உதரவிதானத்தின் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) அடியில் வில் போன்ற ஒரு நார் இருக்கிறது. சிலருக்கு அது சற்றுத் தாழ்வாக அமைந்து அந்தக் குழாயையும் பக்கத்திலிருக்கும் நரம்பு முடிச்சையும் அமுக்கும். மூச்சை வெளியே விடும்போது இன்னும் இறுக்கும். மீடியன் ஆர்குவேட் லிகமென்ட் சின்ட்ரோம் என்று பெயர். செந்தில் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதச் சொல்லி வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பெயர் தெரிந்ததும் விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. அது இரண்டு நாள் கூட நீடிக்கவில்லை. அறுவை சிகிச்சை நிபுணர் மழுப்பாமல் பேசினார். "இந்த நார் இப்படி அழுத்திக்கிட்டிருந்தும் எந்த வலியும் இல்லாம வாழறவங்க நிறையப் பேர் இருக்காங்கம்மா. அதனால உங்க வலிக்கு இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. நாரை வெட்டி விடலாம். சிலருக்கு முழுசாச் சரியாகும். சிலருக்குப் பாதி. சிலருக்கு ஒண்ணுமே மாறாது. பெரிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்துல செய்யற வேலை, ரத்தப்போக்குக்கான ஆபத்தும் உண்டு."

யோசித்துச் சொல்கிறோம் என்று திரும்பி வந்தோம். யோசிக்கிறேன் என்ற பேரில் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன்.

அந்த முடிவை என் மகள் யாழினி எடுக்க வைத்தாள். அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவள் வகுப்பு டீச்சர் கூப்பிட்டார். குழந்தை இரண்டு வாரமாக மதியச் சாப்பாட்டை மற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறாள், கேட்டால் பசிக்கவில்லை என்கிறாள் என்றார். தினமும் காலியான டப்பாவைக் கழுவி வைத்தது நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"ஏன் கண்ணு சாப்பிட மாட்டேங்கற?"

"சாப்பிட்டா வலிக்கும்ல" என்றாள்.

"உனக்கு எப்பக் கண்ணு வலிச்சுது?"

"இன்னும் வலிக்கல. நான் உன்னையாட்டவே இருக்கறேன்னு அத்தை சொன்னாங்கல்ல? அப்ப எனக்கும் வரும்."

ஒரு வருடத்துக்கும் மேலாக அவள் முன்னால் வலியை மறைப்பதாக நினைத்திருந்தேன். சாப்பிட்டதும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அந்தச் சாத்திய கதவைப் பார்த்து அவள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

ஸ்கேன் படத்தை எடுத்துக் காட்டினேன். இது அம்மாவின் ரத்தக் குழாய், இங்கே ஒரு நார் அமுக்குகிறது, உனக்கு அப்படி இல்லை என்றேன். உடனே கேட்டாள்: "எனக்கு இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அடுத்த முறை கோயம்புத்தூர் போனபோது அவளையும் கூட்டிப் போனோம். அறுவை சிகிச்சை நிபுணர், குழந்தைக்குப் பரிசோதனை எதுவும் தேவையில்லை, நன்றாக வளர்கிறாள் என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தவர், எழுந்து வந்து, கட்டிலில் படுக்க வைத்து, ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்தார். பெரியவர்களுக்குச் செய்வது போலவே மூச்சை விடச் சொல்லி நிதானமாகக் கேட்டார். "உன் வயித்துல ஒரே ஒரு சத்தந்தான் கேக்குது. பசிக்குதுன்னு சொல்லுது" என்றார். அவள் சிரிக்கவில்லை. "நெசமாவாங்க?" என்று கேட்டாள். "நெசமா" என்றார். அன்று மருத்துவமனைக் கேன்டீனில் இரண்டு பூரி சாப்பிட்டாள். சாப்பிட்ட பிறகு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே ஆபரேஷனுக்கு நாள் கேட்டேன்.

லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை) என்றார்கள். வயிற்றில் ஐந்து துளைகள். நாரை வெட்டி, அதோடு பின்னிக் கிடந்த நரம்புகளையும் நீக்கினார்கள். நல்லபடியாக முடிந்தது என்று செந்திலிடம் சொன்னார்களாம். நான் கண் விழித்தபோது அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

இனி வரப்போவதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

ஆபரேஷன் முடிந்த பத்தாவது நாள், குழைந்த சோறு சாப்பிட்டு இருபது நிமிடத்தில் அதே வலி வந்தது. அதே இடம், அதே முழங்கால். தையல் போட்ட வயிற்றோடு குனியவும் முடியாது. சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, இதற்கா வயிற்றைக் கிழித்துக்கொண்டோம் என்று நினைத்தேன். ஆறு வாரம் அப்படித்தான் போனது. அடிக்கடி வயிற்றுப்போக்கு வேறு. செத்தாலும் பரவாயில்லை என்று ஒரு முறை சத்தமாகவே சொல்லிவிட்டேன். செந்தில் அப்போது சாதம் பிசைந்துகொண்டிருந்தார். கையை எடுக்காமலேயே, "அப்படிச் சொல்லாத கோமு. இன்னும் ரெண்டு வாய்தான், உண்டுபோடு" என்றார். அந்த இரண்டு வாயையும் சாப்பிட்டேன். வலித்தது.

மறு பரிசோதனையில் ரத்த ஓட்டம் நன்றாகக் கூடியிருந்தது. முழுமையாக அல்ல. "குழாய் ரொம்ப நாள் நெரிஞ்சு கெடந்திருக்கு. நரம்பும் வலிச்சுப் பழகிருச்சு. அது மறக்கறதுக்கு நாளாகும்மா" என்றார் டாக்டர். மறக்காமலே போகுமா என்று கேட்டேன். போகலாம் என்றார்.

மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் வலி வரவில்லை. அதைக் கொண்டாடவில்லை, வெளியே சொல்லவும் இல்லை. சொன்னால் வந்துவிடும் என்று பயம். பிறகு வாரத்தில் இரண்டு நாள் வராமல் இருந்தது. பிறகு நான்கு நாள். இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஐம்பத்தொரு கிலோ இருக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு முறை, சிறு தட்டில் சாப்பிடுகிறேன். எண்ணெய் கூடினால் வலிக்கிறது. வேகமாகச் சாப்பிட்டாலும் வலிக்கிறது. சில நாள் காரணமே இல்லாமல் வலிக்கிறது. கம்பெனிக்குத் திரும்பிவிட்டேன். யாரும் என்னை அளவுக்கு நிற்கச் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

வலி இல்லாத நாளிலும் சாப்பிட்ட பிறகு எதையும் தொடங்க முடியவில்லை. ஒரு போன் பேசக்கூட மனம் வராது. உடம்பு காத்திருக்கிறது. இந்த உடம்பில் நான் வீட்டுக்காரியாக இருந்தது போய், வாடகைக்குக் குடியிருப்பவள் போல ஆகிவிட்டேன். எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்றே இருக்கிறது.

போன மாதம் குண்டடத்தில் என் அண்ணன் வீட்டில் காது குத்து. பந்தியில் கொஞ்சம் சோறும் பருப்பும், ஒரு கரண்டி தயிரும் சாப்பிட்டேன். கூட்டமாக இருந்ததால் உள்ளே போய் ஒரு கட்டிலின் ஓரத்தில் சாய்ந்தேன்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால் செந்தில் முகம் வெளுத்து நிற்கிறார். பக்கத்தில் யாழினி, கையில் தண்ணீர்ச் சொம்பு.

"கோமு, என்ன பண்ணுது? வலிக்குதா? ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இல்லீங்க. தூங்கிட்டேன்" என்றேன்.

"தூங்கிட்டயா?" என்றார், அப்படி ஒரு சொல்லைக் கேட்டதே இல்லாதவர் போல. யாழினி என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ உண்டு ஒண்ணேகால் மணி நேரமாச்சு" என்றாள். அவள் கணக்கு வைத்திருக்கிறாள். இத்தனை நாளும் வைத்திருக்கிறாள்.

எனக்குக் கொஞ்சம் குணமாகிவிட்டது. இவர்களுக்கு இன்னும் ஆகவில்லை.

நகர்ந்து படுத்து இருவருக்கும் இடம் விட்டேன். செந்தில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். யாழினி சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். வெளியே அடுத்த பந்திக்கு இலை போடும் சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். வலி வரவில்லை.