கஜலட்சுமியைக் காணோம்

போன வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. கருணாகரனிடமிருந்து போன். சாக்கோட்டை ரோட்டில் மர வேலைப் பட்டறை வைத்திருப்பவர். உளியோடு, கம்ப்யூட்டர் சொன்னபடி மரத்தைச் செதுக்கும் மெஷினும் இப்போது உண்டு. அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ் – நான் போட்டுக் கொடுத்தது. இதை ஊரில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

"அக்கா, கஜலட்சுமியக் காணோம். படத்தத் தொறந்தா பூராம் இங்கிலீஷ் எழுத்தா வருது. வெரசா வாரீகளா?"

விஷயம் இதுதான். நாச்சியாபுரத்தில் ஒரு புது வீட்டுக்கு மறுநாள் காலை நிலை வைக்கிறார்கள். வாசல் நிலையின் மேல்கட்டையில் கஜலட்சுமி வர வேண்டும். செதுக்கி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். பத்தரைக்கு ராகு காலம்... அதற்குள் மெஷின் மரத்தைத் தொட்டாக வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் ஆரம்பித்தால் வேலை முடியாது. நாலு நாள் உட்கார்ந்து அவர் கம்ப்யூட்டரில் வரைந்த படம். போயே போய்விட்டதா?

ஸ்கூட்டரை முறுக்கினேன். பட்டறைக்குப் போனால், கருணாகரன் கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தபடி நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது.

திரையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. படம் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் திறந்து வைத்திருந்தது – அளவுகளைக் குறித்துக்கொள்ளட்டுமே என்று முந்தின நாள் நானே போட்டுக் கொடுத்த, எழுத்தை மட்டுமே காட்டும் எடிட்டர்!

லினக்ஸில் ஒரு ஃபைலை டபுள் கிளிக் செய்வது, காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு இறங்குகிற மாதிரி. நாலு ஆட்டோக்காரர்கள் வருவார்கள். வழக்கமான ஆட்டோ ஒன்று இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால்? முன்னால் நிற்பவர் பெட்டியைத் தூக்கிவிடுவார். ஒவ்வொரு சாஃப்ட்வேரும் உள்ளே வரும்போதே, தனக்கு எதையெல்லாம் திறக்கத் தெரியும் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறது. கோடுகளால் ஆன இந்த வகைப் படம் உள்ளுக்குள் வெறும் எழுத்துதான். எனவே எடிட்டரும் கையைத் தூக்கியிருக்கிறது. வழக்கமான ஆட்டோ எது என்று நான்தான் சொல்லி வைக்கவில்லை.

ரைட் கிளிக். வரைகிற சாஃப்ட்வேரைக் காட்டி, இந்த வகைப் படத்துக்கு இனி எப்போதும் இதுதான் என்று ஒரு டிக். மறுபடி டபுள் கிளிக்... இரண்டு பக்கமும் யானை, நடுவில் அம்மாள்!

பத்து இருபத்தைந்துக்கு மெஷின் மரத்தைத் தொட்டது. தேக்குத் தூள் பறந்தது. கருணாகரன் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. டீ வந்தது, கூடவே சுடச்சுடப் பருப்பு வடை. ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்க, ஆபத்துக்கு என்னைத்தானே கூப்பிட்டார்? அந்தப் பெருமையில் எனக்கும் நல்ல புத்தி வந்து, தப்பு என்னுடையதுதான் என்று மெதுவாக ஒப்புக்கொண்டேன்.

அவர் வடைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"தெரியும்க்கா. நேத்து நீங்க வந்துட்டுப் போனீகள்ல, அதுக்கப்பறந்தான் இப்படி. அதான் ஒங்களையே கூப்பிட்டேன்."