லென்ஸ் பெயர் இல்லாத படம்

"படம் உங்களுடையதுதானா, சிஸ்டர்?"

ஓமானில், சோஹாரில் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்திய புகைப்படப் போட்டிக்கு நான் ஒரு கடல் படம் அனுப்பியிருந்தேன். அதற்குச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் நடுவர் போட்ட கேள்வி இது. கீழேயே இன்னொரு வரி: "ஃபைலில் லென்ஸ் விவரமே இல்லை. நெட்டில் எடுத்த படம் போலத் தெரிகிறது. போட்டியிலிருந்து நீக்குகிறோம்."

எனக்கு வந்ததே ஓர் ஆத்திரம்! ஆஸ்பத்திரி கேன்டீனில் பாதி தின்ற சப்பாத்தியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். குழுவில் இருந்த அத்தனை குடும்பமும் அதைப் படித்திருந்தது. ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே, ம்ஹூம்.

அந்தப் படத்தை எப்படி எடுத்தேன் என்று யாராவது கேட்டார்களா? என்னோடு வேலை பார்த்த பிலிப்பினோ நர்ஸ் ஊருக்குப் போகும்போது விற்ற பழைய லென்ஸ் அது. வயதில் எனக்கு மூத்தது. என் கேமராவில் நேராகப் பொருந்தாது, நடுவில் அடாப்டர் என்று ஒரு வளையம் மாட்ட வேண்டும். வெறும் உலோக வளையம், உள்ளே ஒரு வயர்கூடக் கிடையாது. எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்றே கேமராவுக்குத் தெரியாது. தெரியாத பேரை அது ஃபைலில் எப்படி எழுதும்? பெட்டி நிறைய புது லென்ஸ் வைத்திருக்கும் நடுவர், அந்த இன்ஜினியர் சாருக்கு இதுகூடத் தெரியவில்லை!

"வெள்ளிக்கிழமை காலைல கடற்கரைக்கு வாங்க சார். உங்க கண்ணு முன்னால எடுத்துக் காட்டுதேன்" என்று குழுவிலேயே போட்டேன்.

துறைமுகத்தில் டெக்னீஷியனாக இருக்கும் என் வீட்டுக்காரர் பதறிப்போனார். "இவங்ககூட எதுக்கு மல்லுக்கு நிக்க? நாளைக்கும் இவங்க மூஞ்சியிலதான முழிக்கணும்?"

"முழிச்சா அவங்க வெக்கப்படட்டும். நான் எதுக்குத் தலையக் குனியணும்?"

வெள்ளிக்கிழமை விடிந்த கொஞ்ச நேரத்தில் நடுவரும் சங்கச் செயலாளரும் கையில் கரக் டீயும் லேப்டாப் பையுமாக வந்தார்கள். காற்றில் ஆடாமல் இருக்க ட்ரைபாடில் ஒரு தண்ணீர் கேனைத் தொங்கவிட்டேன். அலைதடுப்புப் பாறைக்கு ஃபோகஸ் வைத்துவிட்டு, லென்ஸின் முன்னால் என்.டி. ஃபில்டரைத் திருகினேன். வெளிச்சத்தை அடக்கும் கறுப்புக் கண்ணாடி அது. மாட்டிய பிறகு கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் ஃபோகஸை முதலிலேயே வைத்துவிட வேண்டும். அந்தக் கண்ணாடி இருந்தால்தான் பகலிலும் ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்து வைக்க முடியும்.

பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை. 'லென்ஸ் பொருத்தப்படவில்லை' என்று திரையில் வந்தது.

செயலாளர் இருமினார். "கேமராவே சொல்லுது பாருங்க" என்றார் நடுவர்.

மானம் கப்பலேறிவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் புத்தியில் தட்டியது. கேமரா முரண்டு பிடிக்கிறதென்று போன வாரம் நானே எல்லா செட்டிங்கையும் அழித்திருந்தேன். லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்கச் சொல்லும் ஒரு செட்டிங் மெனுவின் அடியில் கிடக்கும். தேடிப் பிடித்து ஆன் செய்தேன். மறுபடி அழுத்தினேன். க்ளிக்.

இரண்டு நிமிடம் கழித்து ஷட்டர் மூடியது. படம் வந்தது. பாறை அப்படியே கூர்மையாக நின்றது, கடல் இட்லிச் சட்டி ஆவி மாதிரி அதைச் சுற்றிக் கிடந்தது. நடுவர் அந்த ஃபைலைத் தன் லேப்டாப்பில் திறந்தார். லென்ஸ் பெயர் இருக்கும் இடம் காலி.

"அட, ஆமா" என்றார். அவ்வளவுதான். டீக் கப்பை எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

மதியம் என் நம்பருக்குத் தனியாக ஒரு மெசேஜ். "சாரி சிஸ்டர், படத்தைச் சேர்த்துவிட்டோம். குழுவில் எதுவும் போட வேண்டாம், சங்கத்துக்கு நன்றாக இருக்காது."

"அதான் சாரி கேட்டுட்டாருல்லா? கலாஸ், விடு" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்குக் கலாஸ். எனக்கு இல்ல."

குழுவைத் திறந்து எழுதினேன்: "என்னைத் திருடி என்று சொன்னது இங்கே. சாரி மட்டும் என் தனி நம்பருக்கு வந்திருக்கிறது. திருடி என்றதைப் படித்த எல்லோரும் சாரியையும் படிக்க வேண்டும். சார் இங்கே எழுதும்வரை என் படத்தைப் போட்டியில் சேர்க்காதீர்கள்."

நடுவர் டைப் செய்வதாக மேலே காட்டியது. நின்றது. திரும்பவும் காட்டியது. வீட்டுக்காரர் போனை வாங்க வந்தார், நான் கொடுக்கவில்லை.

கடைசியில் வந்தது: "படம் சிஸ்டர் எடுத்ததுதான். விசாரிக்காமல் நான் சொன்னது தப்பு. மன்னிக்கவும்."

இரண்டு தடவை படித்தேன். "சரி சார், இப்போ சேருங்க" என்று பதில் போட்டேன்.