இரண்டாவது கியர் விழும்வரை

கள்ளக்குறிச்சி ஒர்க்‌ஷாப்பில் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது போன் வந்தது. மலையில் என் மனைவி கோமதியோடு வேலை பார்க்கும் நர்ஸ் மல்லிகா. "அண்ணா, அக்கா மயங்கி வுழுந்தாங்க... போய்ட்டாங்கண்ணா." மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாகப் பிறகு சொன்னார்கள். எழுந்து, ஸ்பேனரைத் துடைத்து அதன் இடத்தில் மாட்டினேன். அன்றைய நாளில் அதுதான் நினைவிருக்கிறது.

கோமதியை, இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் எங்கள் பழைய வெள்ளைக் காரோடு சேர்த்தே அறிவீர்கள். ஊசி மருந்துப் பெட்டியோடு வெள்ளிமலைக்கு அதில்தான் போவாள். வழியில் கை காட்டுகிறவர்களையெல்லாம் ஏற்றிக்கொள்வாள். அந்தக் காரில் இரண்டாவது கியர் லேசில் விழாது. கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையம் தேய்ந்திருந்தது. ஏற்றத்தில் மூன்றிலிருந்து இழுத்தால் கரகரவென்று அரைக்கும்.

"கியர்பாக்ஸ இறக்கினாதான் சரியாவும்" என்பேன்.

"இறக்குங்க. அப்பறம் என்னயும் பொட்டியயும் நீங்கதான் மலைக்குத் தூக்கினு போவணும்."

அவளே ஒரு வழி கண்டுகொண்டாள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வருவாள். காலை எடுத்து, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, இன்ஜின் சத்தம் சரியாக ஏறியதும் மறுபடி மிதித்துக் கியரைத் தள்ளுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் காலும் தானாக இரண்டு முறை மிதிக்கும்.

சத்தம் கேட்க வேண்டுமே. அதனால் வளைவுக்கு வளைவு கட்டளை வரும்: "யாரும் வாய் தொறக்காதீங்க, ரெண்டாவது வுழட்டும்!"

ஒருமுறை பின்சீட்டிலிருந்து ஒரு பாட்டி கேட்டார்: "புருசனுக்கும் சேத்துதானா நர்சம்மா?"

"அவருக்குத்தான் மொதல்ல!"

கியர் விழுந்ததும் மொத்த வண்டியும் சிரித்தது.

சென்ற மாதம் மல்லிகா வந்தாள். "பொட்டியத் தூக்கினு பஸ்ல முடியலண்ணா. அக்கா வண்டி கெடைக்குமா? அந்த கியருதான் எனக்கு வராது."

புது வளையத்தை வாங்கி வைத்தும் பல நாள் வண்டியைத் தொடவில்லை. கியர் சுலபமாக விழுந்துவிட்டால் அந்தக் காரில் கோமதி எங்கே இருப்பாள்? ஆனால் ஊசிக்குக் குழந்தைகள் காத்திருக்கின்றன. ஒரு ஞாயிறு கியர்பாக்ஸை இறக்கி வளையத்தை மாற்றினேன்.

முதல் பயணத்தில் மல்லிகா ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். வழியில் கை காட்டியவர்களை ஏற்றிக்கொண்டு, கச்சிராயபாளையம் தாண்டி பேச்சும் சிரிப்புமாக ஏறினோம். முதல் வளைவு வந்தது. யாரும் சொல்லாமலே பின்சீட்டு அமைதியானது.

கியர் சத்தமில்லாமல் விழுந்தது. பின்சீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போன பிறகு அதே பாட்டி மெதுவாகக் கேட்டார்: "வுழுந்திச்சா சாமி?"

"வுழுந்திச்சு ஆயா" என்றேன்.

என் கால் மட்டும், அங்கே இல்லாத கிளட்சை இரண்டு முறை மிதித்திருந்தது. கோமதியிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான். அதை நான் சரிசெய்யப் போவதில்லை.