ஆளில்லாத ஊரிலிருந்து ஒரு மனு

ஒரகடத்துக்குப் பக்கத்தில் நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்தபோது என் பொறுப்பில் இரண்டு கிராமங்கள். ஒன்றில் மனிதர்கள் இருந்தார்கள். மற்றொன்று தாலுகா அலுவலக வரைபடத்தில் மட்டும் இருந்தது. ஏரிக்கும் வாய்க்காலுக்கும், வீடுகள் இருந்த நத்தத்துக்கும் புல எண்கள் உண்டு. வீடு ஒன்றுகூட இல்லை. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது எல்லோரும் வெளியேறிவிட்டார்கள்.

அந்த ஊரில் குடியிருப்பதாகச் சொல்லி ஒரு பெண் இருப்பிடச் சான்று கேட்டிருந்தார். நேரில் பார்க்காமல் தள்ளுபடி செய்ய மனம் வரவில்லை.

"அங்க யாரும் இல்ல மேடம்" என்றார் கிராம உதவியாளர். பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது வயதுக்கு மேல். இருந்தாலும் கூட வந்தார்.

இரண்டு கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே போன மண்பாதை ஒரு பொட்டலில் முடிந்தது. சுற்றிலும் சீமைக்கருவேலம். நடுவில் மட்டும் ஒரு புல்கூட முளைக்காத தரை. மனு போட்ட பெண் அங்கே நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும், துப்புரவு வேலைக்கான நீலச் சட்டை அணிந்திருந்தார்.

"எங்கம்மா குடியிருக்கீங்க?"

"ராத்திரி படுக்குறது இருங்காட்டுக்கோட்டையில, வாடகை ரூமு. வூடு இதான் மேடம்."

வெறும் தரையைக் காட்டி முன்னால் போனவர், ஓரிடத்தில் திரும்பினார். "குனிஞ்சு வாங்க. வாசல் நிலை தாழ்வா கீது."

நான் குனிந்தேன். ஏன் குனிந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. நிமிர்ந்தபோது சுவருக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களின் இரைச்சல் கேட்கவில்லை. ஷிஃப்ட் மாறும் நேரமாக இருக்கும் என்று நினைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்றே கால். அப்போது எந்த ஷிஃப்டும் மாறாது.

பின்னால் உதவியாளர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொதிக்கும் மண்ணில் நின்றிருந்தார்.

"உங்களுக்கு இந்த வீடு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"அப்புறம் ஏன் செருப்பைக் கழட்டினீங்க?"

அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். "போட்டுகினு எப்பிடி உள்ள வர்றது" என்றார், மிகத் தணிந்த குரலில்.

பையில் நத்தத்தின் பழைய வரைபடம் இருந்தது. எல்லைக் கல்லிலிருந்து டேப் பிடித்து அளந்தோம். நான் குனிந்த இடம் வரைபடத்தில் ஒரு வீட்டின் தெருப்பக்கக் கோட்டின் மேல் விழுந்தது. இன்னொரு முறை அளக்கச் சொன்னேன். அதேதான்.

"உங்க வீட்ல மத்தவங்க?" என்று கேட்டேன், பேச்சை மாற்ற.

"எல்லாம் இங்கதான் கீறாங்க" என்றார். நான் டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்தேன்.

திரும்பி வரும்போது, பாதி வழியில்தான் இயந்திரச் சத்தம் மீண்டும் கேட்டது.

அறிக்கையில் விதிப்படிதான் எழுதினேன்: மனுதாரர் இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறையில் வசிக்கிறார், அங்கே விண்ணப்பிக்கலாம். அவரும் அப்படியே செய்து, சான்று கிடைத்ததும் என்னிடம் காட்ட வந்தார். மகளின் கல்லூரியில் கேட்டிருந்தார்களாம்.

"வேலை முடிஞ்சுது மேடம்" என்றார். பிறகு முகவரி வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "எங்களத் தேடி வர்றவங்க இந்த ரூமுக்கு வர மாட்டாங்க, அந்த வூட்டுக்குத்தான் போவாங்க" என்றார்.

கம்பெனி பஸ் வாசலில் ஹாரன் அடித்தது. காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார்.