பத்துச் சொட்டுப் பால்

நோயாளி ஒருவருக்குத் தண்ணீர் கலந்த பாலை மூளை மருந்து என்று சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல... ஏழு வாரம்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் தொடங்கினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். இன்றும் அங்கேதான். உதவியாளன் என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். எலிக்கூண்டு கழுவுவது, கண்ணாடிக் குழாய் கழுவுவது, கழுவியதை மறுபடியும் கழுவுவது. அங்கே ஒரு டாக்டரம்மா, நரம்பைத் தின்னும் நோய்களுக்காக நானோ துகள்கள் செய்து எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு மயிரிழையை நூற்றுக்கணக்கான கூறாக வகிர்ந்தால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு பொடி உருண்டைகள். துகள் கண்ணுக்குத் தெரியாது. குப்பிக்குள் லேசாக நீலம் ஓடிய வெள்ளைத் தண்ணீர்தான் தெரியும்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கொல்லயில் என்னும் சிற்றூரில், என் வீட்டில் என் பேச்சுக்குக் காது கொடுக்க அம்மிக்கல் மட்டுமே உண்டு. அது சிரிக்காது. ஆகவே பாறசாலையில் காலைப் பாசஞ்சர் ஏறியதும் வாயைத் திறப்பேன், திருவனந்தபுரத்தில்தான் மூடுவேன். அந்தப் பெட்டிக்குள் நான் ராஜா!

ஒரு நாள் துகளின் கதையை எடுத்துவிட்டேன். மூளையின் வாசலில் ஒரு செக்போஸ்ட் இருக்கிறது, ரத்தத்தில் வருகிற மருந்தையெல்லாம் திருப்பி அனுப்பிவிடும் என்றேன். நம் தமிழ்நாட்டு-கேரள எல்லையில் பெண்கள் அரிசியை மடியில் கட்டிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நடந்து செக்போஸ்டைக் கடக்கிறார்கள் அல்லவா? அதைப் போல இந்தத் துகள் மருந்தை மடியில் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும் என்றேன். பெட்டியே குலுங்கிச் சிரித்தது.

தங்கப்பன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

எங்கள் ஊர்க்காரர்; நெய்யாற்றின்கரையில் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதுகிறவர். மலையாளமும் தமிழும் அவர் கையில் முத்து முத்தாக விழும். இரண்டு வருடமாக நடுக்குவாதம். வரியின் தொடக்கத்தில் பலாக்கொட்டை அளவில் இருக்கும் எழுத்து, முடிவில் கடுகாகிவிடும்.

"எலே மக்கா, அந்த அரிசி கடத்துற மருந்து எனக்கொரு குப்பி கிட்டுமா?"

"அண்ணே, அது எலிக்காக்கும்."

"நானும் எலிதாம்ல. எனக்க எழுத்தப் பாரு, எலி கரண்டுன மாதிரி இல்லியா?"

மறுபடியும் பெட்டி சிரித்தது. இந்த முறை அவருக்காக! இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? மூன்றே எழுத்து... "பாக்கட்டு அண்ணே" என்றேன். பெரிய மனிதன் மாதிரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி சரசம்மா மைனி ஒரு சட்டி மீன்கறியோடு என் வாசலில் நின்றார். "தம்பி, எப்பிடியாவது ஒண்ணு பாத்துக் குடு. நேத்து ஆபீஸ்ல ஒரு ஆதாரத்தத் திருப்பிக் குடுத்துட்டாவ. வாசிக்க முடியல்லியாம். ஒனக்குப் புண்ணியம் உண்டு." பல மாதங்களுக்குப் பின் என் வீட்டுப் படியேறிய முதல் மனித உயிர்!

மறுநாள் ஆராய்ச்சிக்கூடத்துக் குளிர்பெட்டியைத் திறந்தேன். எலி ஒன்று கீச்சிட்டது. டாக்டரம்மா என்று நினைத்து, "எலி தண்ணி கேக்குது மேடம்" என்று காலி அறையிடம் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினேன். திருடவும் துணிவில்லை. இல்லை என்று சொல்லவும் துணிவில்லை. இரண்டுக்கும் நடுவில் பால் இருந்தது.

அரைக் கரண்டிப் பால். நீலம் ஓடுகிறவரை ஆறிய வெந்நீர். ஒரு துளி நிலவேம்புக் கஷாயம்... கசக்காவிட்டால் மருந்தென்று யார் நம்புவார்? நாக்கில் பத்துச் சொட்டு விட வேண்டும், அன்றன்றைக்கு நானே கொண்டுவருவேன், வைத்திருந்தால் துகள் திரண்டுவிடும் என்றேன். பால் திரளாமல் என்ன செய்யும்!

முதல் வாரமே அண்ணன் தன் பெயரை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். எழுத்து பெரிதாகியிருந்தது! கை அடங்கியிருந்தது. மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் அறியாதவனா? எங்கள் எலிகளிலும் ஒரு கூண்டுக்கு மருந்தேற்றாத வெறும் துகள்தான் போகும். வெறுமை தானாக எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்ப்பதற்கு. அந்தக் கூண்டைக் கழுவுகிறவனே நான்தான். நம்பிக்கையில் நின்ற கை எத்தனை நாளைக்கு நிற்கும் என்று எனக்குத் தெரியாதா?

இருந்தும் மாலைதோறும் போனேன். பத்துச் சொட்டு... பிறகு பால் விடாத கட்டன்சாயா, அவித்த மரச்சீனிக் கிழங்கு, பேச்சு. எனக்காக ஒரு தம்ளர் தனியாக ஆணியில் தொங்கத் தொடங்கியது. இதையும் சொல்லிவிடுகிறேன்: அவருடைய கையைவிட எனக்கு அந்தத் தம்ளர் பெரிதாக இருந்தது.

ஐந்தாவது வாரம் அண்ணன் கேட்டார்: "எலே, ஆஸ்பத்திரி மாத்திரைய நிப்பாட்டட்டா? வயித்தப் பெரட்டுது."

இந்த இடத்தில்தான்... நான் சொன்னேனே, பால், அது என் குற்றத்தில் பாதிதான். மீதி இங்கே இருக்கிறது.

நிறுத்தாதீர்கள் என்றால் ஏன் என்பார். ஏன் என்று சொல்லப் போனால் பால் வெளியே வந்துவிடும். மைனி என்னைப் பார்த்தார். தம்ளர் கையில் சுட்டது. என் வாய் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது.

"அண்ணே, ரெண்டு பேரு ஒண்ணா அரிசி கொண்டு போனா செக்போஸ்ட்காரனுக்குச் சந்தேகம் வராதா?"

மூவரும் சிரித்தோம். அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நிறுத்து என்று சொன்னேனா? இல்லை. நிறுத்தாதே என்று சொன்னேனா? பகடி என்று புரிந்திருக்கும் என வீடு வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். மறுநாள் கேட்டிருக்கலாம். அடுத்த பதினான்கு நாளில் ஏதேனும் ஒரு நாள் கேட்டிருக்கலாம்!

ஏழாவது வாரக் கடைசியில், கிணற்றடியில் அண்ணனின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. உடம்பு முன்னால் போயிற்று, கால் வரவில்லை. விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. எழுதுகிற கை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மலையாளத்தில் சீறினார், யார் சொல்லி மாத்திரையை நிறுத்தினாய் என்று. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒளிந்தேன் என்றே எழுதலாம். என் தொந்தி வெளியே தெரிந்துகொண்டிருந்தது என்பது பின்னால்தான் உறைத்தது.

"ஆரும் சொல்லல்ல சாரே. நானாட்டு நிப்பாட்டினதாக்கும்" என்றார் அண்ணன்.

தெரிந்து சொன்னாரா? நம்பிச் சொன்னாரா?

மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். பழைய நிலை திரும்பவில்லை. மணிக்கட்டு கோணலாகக் கூடியது, எழுத்து வேலை போயிற்று. அதோடு இந்த நோய்க்கு இன்னொரு குணம் உண்டு, முகத்தையும் பூட்டிவிடும். நான் எவ்வளவு கோமாளித்தனம் செய்தாலும் அந்த முகம் அசையவில்லை. உள்ளே சிரிக்கிறாரா, என்னை வெறுக்கிறாரா... எப்படித் தெரியும்? துகள் செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்று மைனியிடம் ஒரு புதுப் பொய் சொன்னேன். கட்டன்சாயாவை மட்டும் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை அண்ணன் பேனா கேட்டார். துண்டுத் தாளில் வெகுநேரம் எதையோ எழுதி என் சட்டைப்பையில் திணித்தார். குரல் தாழ்ந்து போயிருந்தது. காதை அருகே கொண்டுபோனேன்.

"பைய வாசி மக்கா."

வீட்டில் விளக்கடியில் விரித்தேன். கடுகைவிடச் சிறிய எழுத்து. என் கண்ணுக்குத் தாளில் ஒட்டிய ஒரு மயிரிழை மாதிரிதான் தெரிந்தது. வாசிக்க முடியவில்லை என்று அவரிடம் சொல்லவும் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி அண்ணன் போய்விட்டார்.

மைனி இன்றும் என்னைக் கண்டால் சொல்கிறார்: "தம்பி, நீ கொண்டு வந்த மருந்துலயாக்கும் அந்த ஏழு ஆழ்ச்ச நல்லா இருந்தாரு." நான் தலையாட்டுகிறேன். பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு போகிறேன். சுகமில்லையா என்று கேட்கிறார்கள்.

அந்தத் தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பார்ப்பதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. மதியத்தில் எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். ஒருமுறை தாளை லென்ஸுக்கு அடியில் வைத்தும்விட்டேன். விளக்கைப் போட்டேன். குனிந்தேன்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்தேன்.

பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எலிக்கூண்டு கழுவப் போனேன்.