உருவாத கத்தி

பிளஸ் டூவில் உயிரியல், மெட்ராசில் டாக்டருக்குத் துணை நிற்கிற பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு, ஆபரேஷன் தியேட்டரில் கால் கடுக்க ஒரு வருசப் பயிற்சி. இத்தனையும் முடித்துப் பல்லடத்தில் ஒரு கிளினிக்கில் சேர்ந்த ராமாமணியை ஊர் கேட்டது ஒரே கேள்விதான்: "டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல, அப்பறம் நீ ஆரு?" பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

தொண்ணூற்றாறு மாசி, பட்டப்பகல். வயிற்றில் குத்திய கத்தியோடு அங்கப்பனைத் தூக்கி வந்தார்கள். வரப்புத் தகராறு. குத்தியவன் கூடப்பிறந்த தம்பி நாச்சிமுத்து. கிடா வெட்டுக்குக் கறி அரிகிற கத்தி. பித்தளைப் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரி அதிலும் வீட்டுப் பேரை வெட்டி வைத்திருந்தார்கள், புத்திசாலிகள்!

டாக்டர் கோயமுத்தூரில் இருந்தார். போனில், "உருவாதே, அப்படியே கொண்டா" என்றார்.

"போலீசு வாரதுக்குள்ள உருவிக் குடு. சின்னவனாச்சும் எனக்கு மிஞ்சோணும்" என்றாள் தாய் பழனாத்தாள். பெரியவனுக்கு இன்னும் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது, அதற்குள் இந்தப் பேச்சு!

"உருவுனா ரத்தம் கொட்டி இங்கயே போயிருவாருங்க." ராமாமணி கத்தியைச் சுற்றித் துணிச்சுருளை அணைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்க காட்டுல களை வெட்டுன காளியாத்தா மவ! எம்பட பையனைத் தொட உனக்கென்னடி தகுதி?"

வேனில் ஏற்றும்போது நாச்சிமுத்தே இரும்புக் கம்பியோடு வந்து நின்றான். "கத்தியக் குடுறீ!" முதல் அடியில் அவள் நெற்றி பிளந்தது. அடுத்ததில் தோள் எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. பாவிப்பயல், பொம்பளை என்றும் பார்க்கவில்லை. கண்ணை ரத்தம் மறைக்க, கத்தியை அசையவிடாமல் அவன் அண்ணன் மேலேயே கவிழ்ந்துகொண்டாள். டிரைவர் அவனை உதைத்துத் தள்ளிவிட்டு வண்டியை விரட்டினார். சூலூரில் வாந்தியெடுத்தாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

அங்கப்பன் பிழைத்துக்கொண்டான். நாச்சிமுத்து ஜெயிலுக்குப் போனான்.

பத்தாம் நாள் பழனாத்தாள் ராமாமணியின் கட்டிலருகே வந்தாள். "எம்பட சின்னவனை உன்ற கைதான் காட்டிக் குடுத்துச்சு."

"உருவியிருந்தாப் பெரியவரு செத்திருப்பாருங்க. சின்னவரு கொலைகாரராயிருப்பாருங்க. ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்கல்லங்க?"

கிழவி அவள் நெற்றியிலிருந்த தையலையே பார்த்தபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க அம்மணி, நீங்க படிச்ச படிப்புக்குப் பேரு என்னங்க?"