மேலப்பாளையத்தில் நிரப்பிய வெளிநாட்டுப் பெட்டி

எச்.ஐ.வி. ஆலோசகர் வேலை என்பது, தெரிந்ததையெல்லாம் வயிற்றுக்குள் போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருக்கிற வேலை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத என் இனத்தாருக்குத்தான் அந்த அவஸ்தை புரியும். பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு நாற்காலி. வருகிறவர்களுக்குக் கொடுக்கிற அதே மாத்திரையைத் தினமும் நானும்தான் முழுங்குகிறேன்.

சிநேகிதனுக்காக வந்தவன்

ரஷீத் என்ற இளைஞன் என் எதிரில் உட்கார்ந்ததுமே, சிநேகிதன் ஒருவனுக்காக விசாரிக்க வந்ததாகச் சொன்னான். எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். சிநேகிதனுக்கு வளைகுடாவில் ஓட்டல் வேலையாம். விசா புதுப்பிக்க ரத்தம் எடுத்தார்களாம். அப்புறம் ஓர் அறையில் போட்டுப் பூட்டி, அங்கிருந்தே விமானத்தில் ஏற்றிவிட்டார்களாம். இன்ன நோய் என்று சொன்னவரும் இல்லை, ஒரு மாத்திரை கொடுத்தவரும் இல்லை. கூட அடைபட்டிருந்த ஒருவர்தான் காதில் போட்டாராம்.

"அந்த சிநேகிதன் இப்ப எங்கன இருக்காரு?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்க முன்னாலதான் இருக்கான் அக்கா. செத்துருவேனா?"

பெருநாள் கழியட்டும்

இங்கே எடுத்த சோதனையிலும் அதுதான் வந்தது. "சாவ மாட்டீங்க தம்பி. காலையில சாப்பிட்டதும் மாத்திரையை விடாம போட்டா, என்னை மாதிரி ஊரெல்லாம் சண்டை போட்டுக்கிட்டு இருக்கலாம்" என்றேன். லேசாகச் சிரித்தான். பத்தமடையில் இருக்கும் மனைவி நஸ்ரீனுக்கு, இவன் ஊர் திரும்பி இங்கே லாட்ஜில் கிடப்பதே தெரியாது. லீவில் வருவதாகப் போனில் சொல்லி வைத்திருக்கிறான்.

போன லீவில் சேர்ந்துதானே இருந்தீர்கள், அவளுக்கும் சோதனை எடுக்க வேண்டும் என்றேன். பெருநாள் கழியட்டும் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்பிள்ளையின் உயிரல்லவா! ஆனால் அவன் சம்மதமில்லாமல் நான் வாய் திறக்கக் கூடாது.

"அவ என்னைய அவ்வளவு நம்புதா அக்கா. அதனாலதான் சொல்ல முடியல."

ஸ்டிக்கர்

மறுநாள் ஒரு பெட்டியோடு வந்தான். வெறுங்கையோடு போனால் தெருவே கேள்வி கேட்கும் அல்லவா? மேலப்பாளையத்து வெளிநாட்டுச் சாமான் கடையில் சோப்பு, செண்டு, தைலம், பால்பவுடர் எல்லாம் வாங்கி, நைலான் கயிறு கட்டி, பெரிதாகப் பேரும் எழுதியிருந்தான். மாத்திரை டப்பாவைத் துண்டுக்குள் ஒளித்து வைக்க என் எதிரிலேயே பிரித்தான். சோப்பு உறையில், மேலப்பாளையம் கடைப் பேரோடு ரூபாயில் விலை ஒட்டியிருந்தது.

என் கை அதைக் கிழிக்கப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டேன். வாயைத் திறக்காதே என்றுதான் எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஸ்டிக்கரைக் கிழி என்று யாரும் சொல்லவில்லையே!

"பாத்தா யாராச்சும் சந்தேகப்படுவாகளா அக்கா?"

சோப்பு சொன்னது

அவன் பெட்டியோடு பத்தமடைக்குப் போனதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. இவன் அவமானத்தில் ஏதாவது பண்ணிக்கொண்டால்? பாவி, கிழித்துத் தொலைத்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் வந்து நின்றார்கள். நஸ்ரீன் அந்தச் சோப்பை என் மேஜையில் வைத்தாள். ஸ்டிக்கரைக் காட்டி அவள் கேட்ட கேள்வியில் அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டானாம். "எனக்கு மொதல்ல ரத்தம் எடுங்க" என்றாள். முடிவுத் தாள் வந்ததும் முதலில் பிடுங்கிப் பார்த்தது நான்தான். அவளுக்கு இல்லை. சில மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிட்டால் போதும் என்றேன். ரஷீத் ஓவென்று அழுதான். அவள் அழவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நாட்டு சர்க்காருக்குத் தெரியும், பிளேன்ல ஏத்தி விட்டவனுக்குத் தெரியும், இந்த அக்காவுக்குத் தெரியும். பக்கத்துல படுக்குதவளுக்கு மட்டும் சோப்பு வந்து சொல்லணுமாக்கும்? சரி, எந்திரிங்க, சாப்பிட்டு மாத்திரை போடணும்."

என் வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் சோப்புகூட அசல் என்பதால், அவருக்கு நோய் இருப்பதை என்னிடம் வந்து சொல்ல ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது.